சான்றிதழும் சம்பளச் சீட்டும்

ஓட்டல் தொழிலில் ஆள் உருவாவது பெரும்பாலும் அடுப்படியில்தான். மேசை துடைக்க வந்த பையன் சில மாதங்களில் தண்ணீர் வைக்கிறான், பிறகு சப்ளையராகிறான். பின்கட்டில் வெங்காயம் உரிக்கச் சேர்ந்தவன் மாவு பிசைந்து, கல்லில் நின்று, சில ஆண்டுகளில் பரோட்டா மாஸ்டராகவோ சரக்கு மாஸ்டராகவோ ஆகிவிடுகிறான். இப்படி வந்தவர்களிடம் கைத்தொழில் இருக்கிறது, காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை. கடை மாறினால் பழையபடி, “ரெண்டு நாள் வேலை பாருங்க, அப்புறம் சம்பளம் பேசலாம்” என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இருபது ஆண்டு அனுபவம் அந்த இரண்டு நாளில் நிரூபிக்கப்பட்டாக வேண்டும்.

ஏற்கெனவே வேலையில் இருக்கும் இத்தகையவர்களுக்கு, வேலையை விடாமலேயே தொழிற்பயிற்சி கொடுத்துச் சான்று வழங்க உலகில் பல முயற்சிகள் நடந்திருக்கின்றன. அவற்றில் இரண்டை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று சுவிட்சர்லாந்தின் ‘ப்ரோகிரெசோ’ பயிற்சி. மற்றொன்று, தமிழ்நாட்டு ஓட்டல் தொழிலாளர்களுக்கும் பொருந்துகிற இந்திய அரசின் திறன்சோதனைத் திட்டங்கள். பணக்கார நாட்டையும் நம்மையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் சுவிட்சர்லாந்தின் உணவகச் சமையலறைகளுக்கும் தமிழருக்கும் நேரடி உறவு உண்டு. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாகப் போய்ச் சேர்ந்தவர்களில் பலருக்கு பெர்ன், சூரிச், லுசேர்ன் நகரங்களில் முதலில் கிடைத்த வேலை உணவகத்தில் தட்டு கழுவுவதுதான். இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 50,000 தமிழர் வாழ்கிறார்கள். தாள் இல்லாத கைத்தொழிலாளியை என்ன செய்வது என்று அந்த நாடு யோசித்தபோது, அந்தக் கைகளில் தமிழ்க் கைகளும் இருந்தன. இந்த ஒப்பீட்டை நான் எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

சுவிஸ் ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள, பாடத்திட்டத்தை விட்டுவிட்டு ஒப்பந்தத்திலிருந்து தொடங்க வேண்டும். அங்கே விடுதி, உணவகத் துறை முழுவதற்கும் ஒரே தேசியக் கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. ஒரு பக்கம் காஸ்ட்ரோசுவிஸ், ஹோட்டலரிசுவிஸ் போன்ற உரிமையாளர் அமைப்புகள். மறுபக்கம் ஹோட்டல் அண்ட் காஸ்ட்ரோ யூனியன், ஊனியா (Unia), ஸினா (Syna) ஆகிய தொழிற்சங்கங்கள். இவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அரசு அத்துறை முழுமைக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. எனவே சங்கத்தில் சேராத சிறு கடைக்காரரும் அதற்குக் கட்டுப்பட்டவர். இப்போதைய ஒப்பந்தம் 2017 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர் அதன் கீழ் வருகிறார்கள்.

அந்த ஒப்பந்தத்தின் சம்பள அட்டவணையில்தான் விஷயம் இருக்கிறது. எந்தப் பயிற்சியும் பெறாதவருக்கு ஒரு குறைந்தபட்சச் சம்பளம். ப்ரோகிரெசோ முடித்தவருக்கு அதற்கு மேல் தனியாக ஒரு படி. இரண்டாண்டுத் தொழிற்கல்விச் சான்று பெற்றவருக்கு இன்னொரு படி, மூன்றாண்டுச் சான்றுக்கு அதற்கும் மேல். 2023 அட்டவணைப்படி முதல் படி மாதம் ஏறத்தாழ 3,580 பிராங்க். ப்ரோகிரெசோ படி 3,800 அளவில். மூன்றாண்டுச் சான்று பெற்றவருக்கு 4,370 அளவில். முதல் இரண்டு படிகளுக்கு இடையே மாதம் இருநூற்றுச் சொச்சம் பிராங்க்தான் வித்தியாசம். ஆனால் ஒப்பந்தப்படி பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் உண்டு. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 2,800 பிராங்குக்குக் குறையாது. உரிமையாளரின் மனம் குளிர்ந்தால் கிடைக்கும் தொகை என்று இதைச் சொல்ல முடியாது. கொடுக்காவிட்டால் ஒப்பந்த மீறல். கேட்பதற்கென்றே கண்காணிப்பு அலுவலகம் இருக்கிறது.

பயிற்சி ஐந்து வாரம். ஒரே மூச்சில் நடத்துவதில்லை. சில வாரம் வகுப்பு, பிறகு வேலைக்குத் திரும்பி அதே சமையலறையில் செய்து பார்ப்பது, மீண்டும் வகுப்பு. சமையல், பரிமாறல், அறைப் பராமரிப்பு என்று பிரிவுகள் தனித்தனி. நடத்துவது லுசேர்ன் ஏரிக்கரையில் வெக்கிஸ் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட, துறை அமைப்புகளுக்குச் சொந்தமான பயிற்சி நிறுவனம். கட்டணம், சாப்பாடு, தங்குமிடம் மூன்றும் கூட்டு ஒப்பந்த நிதியிலிருந்து. ஆள் வகுப்பில் இருக்கும் நாட்களுக்கான சம்பளத்தை முதலாளி வழக்கம்போல் கொடுக்கிறார். அவருக்கு நிதியிலிருந்து ஈடு வந்துசேர்கிறது.

அந்த நிதி எங்கிருந்து வருகிறது? தொழிலாளி ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 99 பிராங்க் கட்டுகிறார். ஒவ்வொரு கடையும் ஆண்டுக்கு 99 பிராங்க் கட்டுகிறது. ஒரு மாதச் சம்பளத்தின் முன் இது மிகச் சிறிய தொகை. துறை முழுவதும் சேர்த்தால் கண்காணிப்புக்கும் பயிற்சிக்கும் போதுமான பணம். சுவிஸ் முறையில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுவே. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இனி நம் பக்கம். இங்கே பயிற்சித் திட்டங்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-10இல் ‘ஹுனர் சே ரோஜ்கார் தக்’ திட்டத்தைத் தொடங்கியது. எட்டாம் வகுப்பு படித்த இளைஞர்களுக்குச் சமையலில் எட்டு வாரம், பரிமாறலில் ஆறு வாரம், உதவித்தொகையோடு பயிற்சி. இது வேலை தேடுபவர்களுக்கானது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கென்று அதே அமைச்சகம் தனியாகத் திறன்சோதனையும் சான்றளிப்பும் வைத்தது: ஐந்து நாள் வகுப்பு, ஆறாம் நாள் தேர்வு. வேலைக்குப் போகாத நாட்களுக்கு ஈடாகத் தினம் 300 ரூபாய். இழந்த கூலியை ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணம் நம் திட்ட வரைவாளர்களுக்கும் தோன்றியிருக்கிறது. அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் நகரங்களில் ஒரு பரோட்டா மாஸ்டரின் நாள்கூலி ஆயிரம் ரூபாயைத் தொடுகிறது. ஆறு நாளுக்கு 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஆறாயிரத்தை யார் விடுவார்?

2015 ஜூலையில் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு பிரிவு வந்தது. பள்ளியில் கற்காமல் தொழிலில் கற்றதை மதித்துச் சான்று கொடுப்பது அதன் நோக்கம். உயர்ந்த நோக்கம் அது. சில மணி நேர அறிமுக வகுப்பு, பிறகு மதிப்பீடு, தேறியவருக்குச் சான்று; கையில் 500 ரூபாயும் கொடுக்கப்பட்டது. சுற்றுலா, விருந்தோம்பல் துறைக்கென உள்ள திறன் குழுமம் ஒவ்வொரு பணிக்கும் தர வரையறை எழுதியிருக்கிறது. மதிப்பீட்டாளர் கடைக்கே வந்து சோதிக்கவும் வழி உண்டு. காகிதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை.

சான்று வாங்கிய மறுநாள் என்ன மாறுகிறது என்பதில்தான் இரு நாடுகளும் பிரிகின்றன.

தமிழ்நாட்டில் ஓட்டல், உணவகத் தொழிலுக்கு 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின்கீழ் அரசு ஊதியம் நிர்ணயித்துவந்தது. அதில் ஊதியம் பதவியைப் பொறுத்தது; ஆண்டுதோறும் ஏப்ரலில் அகவிலைப்படி கூடும். பயிற்சிச் சான்றுக்கென்று தனிப் படி இல்லை. ஆகவே சான்று பெற்ற சப்ளையரும் பெறாத சப்ளையரும் சட்டத்தின் கண்ணில் ஒருவரே. வாங்கிய தாள் பெட்டிக்குள் போகிறது. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் சிலருக்கு அது உதவலாம். உள்ளூரில் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் முதலாளியை நான் சந்தித்ததில்லை. இதைத் தொழிலாளியும் அறிவார். அவர் பயிற்சிக்கு வராததை அக்கறையின்மை என்று எழுதும் அறிக்கைகள் எனக்கு வருத்தம் தருகின்றன. அவர் கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார், அந்தக் கணக்கில் பிழை ஏதும் இல்லை.

நம் நாட்டிலேயே ஒரு பயிற்சி மட்டும் கடைகளுக்குள் கால் வைத்திருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017இல் தொடங்கிய ‘ஃபோஸ்டாக்’ பயிற்சி அது. உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாளில் முடிந்துவிடும் சிறு பயிற்சி. ஆனால் கடையின் உரிமத்தோடும் ஆய்வோடும் அது கட்டப்பட்டிருப்பதால் முதலாளியே ஆளை அனுப்பிவைக்கிறார். ஒரு தாளுக்குப் பின்னால் ஒரு விளைவு இருந்தால் இங்கேயும் பயிற்சி நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அதன் எல்லையும் தெளிவு: போகிறவர் பெரும்பாலும் மேலாளர் அல்லது கேஷில் உட்காருபவர். கல்லில் நிற்பவருக்கு அது வந்துசேர்வது அரிது.

கல்லில் நிற்பவருக்கு என்ன கற்பிக்க வேண்டும்? இதைச் சற்று நின்று பார்க்கலாம். மாலை நேரத்துப் பரோட்டாக் கடையில் மாஸ்டரின் கையைக் கவனியுங்கள். பிசைந்து ஊறவைத்த மாவை விரலால் அழுத்தி, பள்ளம் எவ்வளவு நேரத்தில் எழும்புகிறது என்பதில் பதம் பார்க்கிறார். எண்ணெய் தடவிய உருண்டையைத் தட்டி, வீசி, பின்னே தெரியுமளவு மெல்லியதாக்கி, மடித்துச் சுற்றி வைக்கிறார். கல்லில் ஒரு கை தண்ணீர் தெளித்து, அது ஓடும் ஓட்டத்தில் சூட்டை அறிகிறார். கடைசியில் நான்கைந்து பரோட்டாவை ஒன்றாகக் குவித்து இரு பக்கமும் தட்டும்போது அடுக்குகள் விரிகின்றன. இவருக்குப் பரோட்டா போடச் சொல்லித்தர எந்தக் கல்லூரிக்கும் தகுதி கிடையாது. அதே கல்லுக்குப் பக்கத்தில் மாலை நான்கு மணிக்கு இறக்கிய சால்னா, இரவு பத்து வரை வெதுவெதுப்பாக நிற்கிறது. சூடான உணவு 60 டிகிரிக்கு மேலும், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும், இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி பெருகும் என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. பச்சைக் கறி வெட்டிய பலகையில் வெங்காயம் அரியக் கூடாது, குளிர்பெட்டியில் பச்சை இறைச்சி கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும் என்பதும் அப்படியே. ஒரு மூட்டை மைதாவுக்கு எவ்வளவு அடக்கம், எவ்வளவு சேதாரம் என்ற கணக்கும் அவர் கைக்கு வருவதில்லை. சொந்தக் கடை வைக்கும் மாஸ்டர் பலர் சறுக்குவது சமையலில் இல்லை, இந்தக் கணக்கில்.

கைக்குத் தெரிந்ததைச் சோதித்துச் சான்று கொடுப்பது ஒரு வேலை. கைக்குத் தெரியாததைக் கற்பிப்பது இன்னொரு வேலை. நம் முன்கற்றல் அங்கீகாரம் முதல் வேலையை விரைவாகச் செய்கிறது; இரண்டாவதற்கு அதில் நேரம் மிகக் குறைவு. ப்ரோகிரெசோவின் ஐந்து வாரம் இரண்டாவதற்கானது. ஆனால் அதில் குறை இல்லாமலில்லை: பதினைந்து ஆண்டுகளாகக் காய்கறி நறுக்கியவரும், புதிதாக வந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கத்தி பிடிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். அனுபவத்துக்கு உரிய மரியாதையை அங்கே வேறொரு கதவு கொடுக்கிறது. ஐந்தாண்டு தொழில் அனுபவம் உள்ள வயதுவந்தவர், பயிற்சிக் காலத்தைக் கடக்காமலேயே தொழிற்கல்வி இறுதித் தேர்வு எழுதலாம் என்று சுவிஸ் தொழிற்கல்வி விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் அது எழுத்துத் தேர்வும் கொண்டது. தட்டு கழுவி வாழ்க்கையை ஓட்டிய முதல் தலைமுறைத் தமிழருக்கு அந்தக் கதவு உயரமானது.

அங்கே மொழிதான் தடை. ஜெர்மனோ பிரெஞ்சோ அடிப்படை அளவில் பேசத் தெரிந்தால்தான் வகுப்பில் பயன். பாத்திரம் கழுவும் மூலையில் நாள் முழுதும் நிற்பவருக்கு மொழி பழக வாய்ப்பே குறைவு. தமிழர், போர்த்துக்கீசியர் என்று சேர்ந்து வேலை செய்யும் சமையலறைகளில் உள்ளூர் மொழி காதில் விழுவதே அரிது. சுவிஸ்காரர்கள் இதை உணர்ந்து, துறைக்கேற்ற மொழி வகுப்புகளுக்கும் அதே பொது நிதியிலிருந்து உதவி தருகிறார்கள். அடுப்படியில் வேண்டிய சொற்கள், ஆர்டர் வாங்கும் வாக்கியங்கள், விபத்து நேர்ந்தால் சொல்ல வேண்டியது. இது நமக்கு நேரடியாகப் பொருந்தும். சென்னையிலும் கோவையிலும் இன்று பரிமாறுபவர்களில் எத்தனை பேர் அசாம், ஒடிசா, பீகார், நேபாளத்திலிருந்து வந்தவர்கள் என்பது ஓட்டலில் சாப்பிடும் எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் பெர்னில் தமிழ் இளைஞன் நின்ற இடத்தில் இன்று சென்னையில் அசாமிய இளைஞன் நிற்கிறான். அவனுக்குத் தமிழ் கற்பிக்க எனக்குத் தெரிந்த எந்தத் திறன் திட்டத்திலும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்படுவதில்லை. வாடிக்கையாளரின் அதட்டலிலிருந்து அவனாகப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். தமிழருக்கு அந்நிய மண்ணில் கிடைத்ததையாவது நாம் நம்மிடம் வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டாமா?

வேலையை விடாமல் பகுதிநேரமாகப் பயில நேரம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆல்ப்ஸ் மலை விடுதிகள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சில வாரம் அடங்கும். பயிற்சிக்கு ஆளை விட அது ஏற்ற காலம். நம்மிடமும் இத்தகைய காலங்கள் உண்டு, ஆனால் பயிற்சி நாட்காட்டியை நிதியாண்டை வைத்துப் போடுகிறோம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. கல்யாணச் சமையல்காரர்களும் மண்டபப் பணியாளர்களும் ஓய்வாக இருக்கிறார்கள். புரட்டாசியில் பிரியாணிக் கடையும் பரோட்டாக் கடையும் மந்தம். ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளில் கோடை சீசன் முடிந்ததும் கூட்டம் குறைகிறது. நாளுக்குள்ளும் ஓர் இடைவெளி உண்டு: மதியச் சாப்பாடு முடிந்து மாலை டிபன் தொடங்கும் வரை. பிரேக் ஷிப்ட் பார்ப்பவர்கள் கடை மாடியில் துண்டு விரித்துப் படுக்கும் நேரம் அது. அதைப் பறிக்கக் கூடாது என்பதே என் கருத்து. காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பதினொன்றுக்குப் படுப்பவரின் ஒரே ஓய்வில் வகுப்பு வைத்துவிட்டு அதைப் பகுதிநேரப் பயிற்சி என்று அழைப்பது கொடுமை. பயிற்சி நேரம் வேலை நேரத்திலிருந்து வர வேண்டும். சுவிஸ் ஒப்பந்தம் இதை ஏற்கிறது. ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டில் மூன்று நாள் சம்பளத்தோடு கல்வி விடுப்பு அங்கே உரிமை.

இப்போது அந்த 99 பிராங்குக்கு வருகிறேன். தமிழ்நாட்டு ஓட்டல் முதலாளிகளிடம் பயிற்சி பற்றிப் பேசினால் அநேகமாக எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றே: “நான் செலவு பண்ணிப் படிக்க வெச்சா, பக்கத்துக் கடைக்காரன் ஐந்நூறு கூடக் கொடுத்து இழுத்துட்டுப் போயிருவான்.” இதைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது. தனி ஒருவர் செலவில் பொது நன்மை விளையும்போது யாரும் செலவிட முன்வருவதில்லை. எல்லாக் கடையும் சிறு தொகை கட்டி ஒரு பொது நிதியிலிருந்து பயிற்சி நடந்தால், ஆள் கடை மாறினாலும் துறைக்குள்ளேதான் இருக்கிறான்; யாருக்கும் தனி இழப்பு இல்லை. தொழிலாளியும் பங்கு கட்டுவதால் பயிற்சியை அவர் தன் உரிமையாகக் கேட்கலாம், முதலாளியின் தயவுக்குக் காத்திருக்க வேண்டாம். இந்திய முறையில் பணம் முழுவதும் அரசுடையது. அதனால் இலக்கு, எண்ணிக்கை, தலைக்கு இவ்வளவு என்ற கட்டணம் என்று அரசு நிர்வாகத்தின் பழக்கங்கள் பயிற்சியை ஆள்கின்றன. எத்தனை சான்று வழங்கினோம் என்பது கணக்கில் வருகிறது. அந்தச் சான்றால் எத்தனை பேருக்குச் சம்பளம் உயர்ந்தது என்று யாரும் எண்ணுவதில்லை.

பொது நிதி நமக்கு அந்நியமான யோசனை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாடு தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1972இலேயே வந்தது. தொழிலாளி, நிறுவனம், அரசு மூவரும் ஆண்டுக்கொரு முறை சிறு தொகை செலுத்துகிறார்கள். உணவு நிறுவனங்களும் அதற்குள் வருகின்றன. பணம் சேரும் வழி இருக்கிறது. ஓட்டல் தொழிலாளியின் பயிற்சிக்கும் பயிற்சி நாள் கூலிக்கும் அந்த வழியில் தனியாக ஒரு கணக்குத் திறப்பது நடக்காத காரியம் இல்லை.

இரண்டையும் வைத்துப் பார்த்து என் முடிவைச் சொல்கிறேன். கற்றுத்தரும் பொருளில் சுவிஸ் பயிற்சி நம்முடையதைவிட நீளமானது, ஆழமானது. ஆனால் அது வெல்வதற்குக் காரணம் அதுவல்ல; சான்று சம்பளச் சீட்டில் ஒரு வரியாக இறங்குவதும், செலவை யாரும் தனியாகச் சுமக்காததும்தான் காரணம். நம் முறையிலும் அவர்களிடம் இல்லாத நல்லது உண்டு. படிப்பும் மொழியும் கேட்காமல், கடைக்கே போய், செய்யும் வேலையைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தவர் என்று சொல்லத் துணிகிறது. அந்தத் துணிவைக் கைவிட வேண்டியதில்லை. அதை முதல் படியாக வைத்து, மேலே சுகாதாரம், அடக்கக் கணக்கு, மொழி என்று சில வாரப் படிகளைக் கட்டலாம்.

இதற்குச் சட்டத்தில் இடமும் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கும்போது திறனற்றவர், பகுதித் திறனாளர், திறனாளர், உயர்திறனாளர் என்ற பிரிவுகளைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. ஓட்டல் தொழிலுக்கான அடுத்த ஊதிய அறிவிக்கையில், முன்கற்றல் சான்று பெற்றவர் திறனாளர் பிரிவில் வைக்கப்படுவார் என்று ஒரே ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். தொழிலாளர் துறையும் தொழிற்சங்கங்களும் ஓட்டல் உரிமையாளர் சங்கங்களும் அந்த வரியைப் பற்றி இப்போதே பேசத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.